கலாவின் மகள்

எம்.ஐ.ஏ.வைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக அவருடைய அப்பாவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஈரோஸ் இயக்கத்து அருளரின் மகள், லண்டனில் ராப் பாடப்போனார், அமெரிக்காவே திரும்பிப் பார்த்தது என்று கதை போகும். நான் இன்றைக்கு அம்மாவிலிருந்து தொடங்கப்போகிறேன். பசறைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, பதுளையில் படித்து, இங்கேயே வேலை பார்க்கிற எனக்கு அந்தக் கதை அம்மா பக்கமிருந்துதான் விளங்குகிறது.

அம்மாவின் பெயர் கலா. 1986ல் மூன்று பிள்ளைகளோடு அகதியாக லண்டன் போய்ச் சேர்ந்தவர். ஆங்கிலம் தெரியாது. கையால் செய்கிற வேலை எது கிடைத்தாலும் செய்தாக வேண்டும். கிடைத்தது தையல். பிரித்தானிய மகாராணி கொடுத்த பதக்கங்களைக் கையால் தைக்கும் வேலை, ஆகக் குறைந்த கூலிக்கு. வருஷக்கணக்காக ஆயிரக்கணக்கில் தைத்தார். 2019ல் எம்.பி.இ. என்ற அரச விருது மகளுக்கு அறிவிக்கப்பட்டபோது, அம்மாவுக்காகத்தான் இதை வாங்கப்போகிறேன் என்ற பொருளில் மகள் எழுதினார். அடுத்த வருஷத் தொடக்கத்தில் பக்கிங்ஹாம் அரண்மனையில் இளவரசர் வில்லியம் அதை அவர் சட்டையில் குத்தினார்.

இதை வாசித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. எங்கள் தோட்டத்தில் என்னோடு சாதாரண தரம் எழுதிய பெண்பிள்ளைகளில் பாதிப் பேர் கட்டுநாயக்கா கார்மென்ட்டுக்குப் போனவர்கள். எந்த நாட்டுக் கடையில் யார் உடம்பில் தாங்கள் தைத்த சட்டை ஏறும் என்று அவர்களுக்குத் தெரியாது. மீதிப் பேரின் அம்மாமார் பறித்த கொழுந்து எந்தக் கோப்பைக்குப் போகிறது என்று அவர்களுக்கும் தெரியாது. கலா தைத்தது மட்டும் எப்படியோ வீடு திரும்பியிருக்கிறது.

எம்.ஐ.ஏ.வைத் தெரியாதவர்களுக்கு முழுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். இயற்பெயர் மாதங்கி அருட்பிரகாசம், கூப்பிடுகிற பெயர் மாயா. 1975 ஜூலை 18ல் லண்டனில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டார். அப்பா இயக்க வேலையில் தலைமறைவு. எப்போதாவது வந்தால் பிள்ளைகளிடம் அவரை மாமா என்றுதான் அறிமுகப்படுத்துவார்களாம். யுத்தம் சூடு பிடித்தது. குடும்பம் கொஞ்சக் காலம் மதராசில் வறுமையில் கிடந்தது, திரும்ப யாழ்ப்பாணம், கடைசியில் லண்டன். பதினோராவது பிறந்தநாளுக்குச் சில நாள் முன்னால் போய் இறங்கியிருக்கிறார். தெற்கு லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் ஃபிப்ஸ் பிரிட்ஜ் எஸ்டேட் என்ற அரசாங்கக் குடியிருப்பில் வீடு. அங்கேயும் எஸ்டேட்தான். வரிசையாக ஒரே அச்சில் கட்டிய வீடுகள், பக்கத்து வீட்டுச் சத்தம் சுவர் வழியாக வரும் வீடுகள். அந்தச் சுவர் வழியாகத்தான் ஹிப்ஹாப் அந்தச் சிறுமிக்குக் கேட்டது. பப்ளிக் எனிமி போன்ற அமெரிக்கக் கறுப்பினக் குழுக்களின் பாட்டு. சொல் முழுதாகப் புரியாவிட்டாலும் அதிலிருந்த தாளமும் கோபமும் புரிந்தன என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பக்கத்துக் காம்பராவில் ரேடியோ போட்டால் அது நம் வீட்டு ரேடியோவும்தான்.

சென்ட்ரல் சென்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் திரைப்படமும் ஓவியமும் படித்து 2000ல் வெளியே வந்தார். பாட்டுக்காரியாக வேண்டும் என்று நினைத்தவரே இல்லை. எலாஸ்டிகா என்ற பிரித்தானிய ராக் குழுவுக்கு இறுவட்டு அட்டை வரைந்து கொடுத்தார், அவர்களுடைய பயணத்தைப் படம் பிடிக்கக் கூடப்போனார். அந்தப் பயணத்தில் பீச்சஸ் என்ற கனடியப் பாடகி ரோலண்ட் எம்.சி. 505 என்ற தாளக்கருவியைக் காட்டிக்கொடுத்தார். பொத்தானை அழுத்தினால் தாளம் கட்டுகிற சின்னப் பெட்டி. அதை வைத்துக்கொண்டு, பெரிய சங்கீதப் படிப்பு எதுவுமில்லாமல், தன் அறையிலேயே பாட்டுக்கட்டத் தொடங்கினார். பாடகி தேடி அலைந்தும் கிடைக்காமல் தானே பாடினார். 2003ல் "கலாங்" என்ற பாட்டு வெறும் 500 இசைத்தட்டாக வெளியானது. 2005ல் முதல் தொகுப்பு.

அந்தத் தொகுப்புக்கு "அருளர்" என்று பேர் வைத்தார். எங்கே இருக்கிறார் என்றே தெரியாத அப்பாவுக்குக் காதில் விழட்டும் என்றுதான் அந்தப் பெயர். விழுந்தது. பெயரை மாற்று என்று அப்பா எழுதிக் கேட்டார். மகள் மாற்றவில்லை. அந்த வருஷமே பிரித்தானியாவின் மேர்க்குரி விருதுக்கு அது முன்மொழியப்பட்டது.

இந்த இடத்தில் நம் பக்கத்து விஷயம் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 1975ல் லண்டனில் உருவான ஈரோஸ், ஈழம் பற்றிப் பேசிய இயக்கங்களுக்குள் மலையக மக்களையும் தன் கணக்கில் முக்கியமாகச் சேர்த்துக்கொண்ட இயக்கம். 1977 கலவரத்தில் கொழும்பிலிருந்து தமிழரை ஏற்றிக்கொண்டு வடக்கே போன கப்பலை வைத்து "லங்கா ராணி" என்ற நாவலை எழுதியவரும் இதே அருளர்தான். அந்தக் கலவரத்திலும் அதற்குப் பிறகும் மலையகத்துச் சனம் வவுனியாப் பக்கம் போய்க் குடியேறியது நம் வீடுகளில் இன்றும் பேசப்படுகிற கதை. எங்கள் குடும்பத்திலும் ஒரு கிளை அங்கே இருக்கிறது. ஆனால் அங்கே போனவர்களுக்கு என்ன ஆனது, எத்தனை முறை திரும்ப ஓட வேண்டி வந்தது என்று யோசித்தால், இயக்கங்கள் போட்ட கணக்கில் நம் ஆட்களின் உயிர் மிக மலிவாகவே இருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. அதனால் அருளரைப் பெருமையோடு மட்டும் என்னால் நினைக்க முடியாது. மகளாலும் முடியவில்லை என்றுதான் அந்தத் தொகுப்பைக் கேட்டால் தோன்றுகிறது. ஒரு பிள்ளை அப்பாவோடு வாக்குவாதம் பண்ணுகிற சத்தம் அது.

2007ல் வந்த இரண்டாவது தொகுப்பின் பெயர் "கலா". என்னைக் கேட்டால் அவர் செய்ததிலேயே சிறந்தது இதுதான். அமெரிக்காவில் பதிவு செய்யத்தான் திட்டம் போட்டிருந்தார். விசா கிடைக்கவில்லை. சரி என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்தியா, டிரினிடாட், ஜமேக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று போகிற இடத்தில் எல்லாம் பதிவு செய்தார். சென்னையில் உருமி மேளக்காரர்களைக் கூட்டிவந்து அடிக்கவைத்தார். "பர்ட் ஃப்ளூ", "பாய்ஸ்" என்ற இரண்டு பாட்டிலும் அந்த உருமி இருக்கிறது. கேட்டுப்பாருங்கள். லண்டன் கிளப்பில் ஆடுகிற பிள்ளைகளுக்கு அது எங்கிருந்து வந்த சத்தம் என்று தெரிந்திருக்காது. நமக்குத் தெரியும். சாவு வீட்டிலும் மாரியம்மன் திருவிழாவிலும் அடிக்கிற மேளம் அது.

அதே இடங்களில் அடிக்கிற தப்புக்குத் தோட்டத்தில் இன்னொரு வேலையும் இருந்தது. விடியற்காலையில் ஆட்களைப் பெரட்டுக்களத்துக்குக் கூப்பிடத் தப்பு அடிப்பார்கள். துரை சொன்ன நேரத்துக்கு எழும்பவைத்த சத்தமும் அதுதான், காமன் கூத்தில் ராத்திரி முழுக்க ஆடவைத்த சத்தமும் அதுதான். என் அம்மாச்சிக்குத் தப்புச் சத்தம் கேட்டால் ஒரே நேரத்தில் பயமும் ஆசையும் வரும் என்று சொல்வார். "கலா"வில் உருமி வருகிற இடங்களில் எனக்கும் அந்த இரண்டும் வருகிறது.

அதே தொகுப்பில் "ஜிம்மி" என்று ஒரு பாட்டு. "டிஸ்கோ டான்சர்" இந்திப் படத்துப் பாட்டை எடுத்துத் திரும்பப் பாடியது. சின்ன வயதில் கலியாணம், பிறந்தநாள் வீடுகளில் இந்தப் பாட்டுக்குத்தான் அம்மா தன்னை ஆடவிடுவார் என்று சொல்லியிருக்கிறார். பெரிய அரசியல் பேசுகிற ஒரு தொகுப்புக்கு நடுவில் அம்மாவுக்குப் பிடித்த சினிமாப் பாட்டை வெட்கமில்லாமல் வைத்தார் பாருங்கள், அங்கேதான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

"பேப்பர் பிளேன்ஸ்" பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. விசா கிடைக்காத எரிச்சலில், வெளிநாட்டிலிருந்து வருகிறவன் எல்லாம் கள்ளன் என்று பார்க்கிற பார்வையைத் திருப்பியடித்து எழுதிய பாட்டு. துப்பாக்கிச் சத்தமும் கல்லாப்பெட்டிச் சத்தமும் தாளமாக வரும். 2008ல் அமெரிக்கப் பில்போர்ட் பட்டியலில் நான்காம் இடம் வரை போனது. இங்கே நம் பக்கம் அதைக் கேட்டவர்கள் அநேகமாக "ஸ்லம்டோக் மில்லியனர்" படத்தின் வழியாகத்தான் கேட்டிருப்பார்கள், ரஹ்மான் இசை என்று டி.வி.டி. வாங்கிப் பார்த்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. ரஹ்மானோடு சேர்ந்து அந்தப் படத்துக்கு அவர் எழுதிப் பாடிய "ஓ... சாயா" ஒஸ்காருக்கு முன்மொழியப்பட்டது. 2009ல் "பேப்பர் பிளேன்ஸ்" கிராமி விருதில் வருஷத்தின் சிறந்த பதிவு என்ற பிரிவில் போட்டியிட்டது.

கடதாசிக்காக அலைவது என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித்தர வேண்டுமா? 1948ல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம் சனத்தை நாடில்லாதவர்கள் ஆக்கியது. 1964ல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேரை இலங்கை எடுக்கும் என்று தலைகளைப் பிரித்தார்கள். மிச்சக் கணக்கு முடிய 2003 வரை ஆனது. ஒரே லயத்தில் அண்ணன் இந்தியாக்காரன், தம்பி இலங்கைக்காரன் என்று பிரிந்த குடும்பங்கள் பதுளை ஸ்டேஷனில் ரயிலேறி அழுத கதை எந்தத் தோட்டத்தில் இல்லை? கடதாசியைப் பற்றி உலகமே ஆடுகிற மாதிரி ஒரு தமிழ்ப் பெண் பாட்டுக்கட்டினார் என்பது நான் சாதாரணமாகக் கடந்து போகக்கூடிய செய்தி அல்ல.

2009 பெப்ரவரி 8. கிராமி மேடை. ஜே-சீ, கன்யே வெஸ்ட், லில் வெய்ன், டி.ஐ. என்று நான்கு பெரிய ஆண் ராப்பர்கள். அவர்கள் பாடிய பாட்டே "பேப்பர் பிளேன்ஸ்" குரலை எடுத்துக் கட்டியதுதான். நடுவில் நிறைமாத வயிற்றோடு மாயா ஆடிக்கொண்டிருக்கிறார். மருத்துவர் சொன்ன நாளே அன்றுதான். மூன்று நாளில் மகன் பிறந்தான். பத்திரிகைகள் அதை அதிசயமாக எழுதின, துணிச்சலை மெச்சின. எனக்கும் மெச்சத் தோன்றியது. கூடவே, தம்பி பிறப்பதற்கு முந்தைய வாரம் வரை படங்கைக் கட்டிக்கொண்டு, கூடைக்கயிறைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறிய என் அம்மா ஞாபகத்துக்கு வந்தார். அம்மாவை யாரும் படம் பிடிக்கவில்லை. அன்றைய நிறைக்கு எத்தனை கிலோ என்று மட்டும் எழுதினார்கள்.

அந்த வருஷத்தின் மற்றப் பாதியையும் சொல்ல வேண்டும். அவர் விருது மேடைகளில் நின்ற அதே மாதங்களில் வன்னியில் சனம் செத்துக்கொண்டிருந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் கிடைத்த நேரத்தையெல்லாம் அதைச் சொல்லப் பயன்படுத்தினார். பயங்கரவாதிக்கு வால் பிடிக்கிறவர் என்ற பேர் வந்தது. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி என்று நான் சொல்ல வரவில்லை. புலிகள் என்ன செய்தார்கள் என்பதை அவர் போதுமான அளவு பேசவில்லை. ஆனால் அந்த நேரத்தில் பதுளையில் நாங்கள் வாயே திறக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் இதை நிறுத்துப் பார்க்க வேண்டும். 1983 ஜூலை 27ல் பதுளை டவுனில் தமிழ்க் கடைகள் எரிந்ததைப் பார்த்தவர்கள் எங்கள் பெற்றோர். 2000 ஒக்டோபரில் பண்டாரவளை பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் புகுந்து தமிழ் இளைஞர்களை வெட்டிக் கொன்றதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் தமிழில் பேசக் குரலைத் தாழ்த்திக்கொண்டோம். தூரத்தில் ஒருத்தி உரக்கச் சொன்னது காதில் விழுந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும். அது கொஞ்சமில்லை.

பிறகு வந்தவை ஏற்ற இறக்கம். 2010ல் "மாயா" தொகுப்பு. 2012ல் அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டி மேடையில் மடோனாவோடு பாடும்போது நடுவிரலைக் காட்டியதற்கு அந்தக் கால்பந்து லீக் அவரைக் கோடிக்கணக்கில் நட்டஈடு கேட்டுத் துரத்தியது, பின்னால் சமரசமானது. 2013ல் "மாதங்கி", தன் பெயரையே கொண்ட தெய்வத்தை எடுத்துவைத்துச் செய்த தொகுப்பு. வாக்குக்கும் இசைக்கும் உரியவள், ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவர்களின் பக்கம் நிற்கிறவள், எச்சில் சோற்றையும் ஏற்கிறவள் என்று சொல்லப்படுகிற மாதங்கி. 2015ல் "போர்டர்ஸ்" பாட்டுக்கு அகதிகள் வேலியேறுகிற காட்சிகளைத் தானே இயக்கினார். 2018ல் பழைய நண்பர் ஸ்டீவ் லவ்ரிஜ் மாயாவைப் பற்றி எடுத்த ஆவணப்படம் சண்டான்ஸ் விழாவில் பரிசு பெற்றது. அதில் அவர் வீட்டார் பேசுகிற காட்சிகளுக்காகவே பார்க்க வேண்டும். 2019 டிசம்பரில் அருளர் காலமானார். 2022ல் "மாதா" தொகுப்பு வந்தது.

தடுப்பூசி பற்றி 2020ல் அவர் சொன்னவற்றை என்னால் ஏற்க முடியவில்லை. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் அம்மை ஊசி போட வரும் குடும்பநல உத்தியோகத்தர் அம்மாவுக்காக எத்தனை தாய்மார் கொழுந்து நேரத்தை விட்டுக் காத்து நிற்பார்கள் என்று தெரிந்தவள் நான். அவரைப் பிடித்தவர்கள் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

சரி, ராப் நமக்கு அந்நியமா? இந்தக் கேள்வியைப் பாடசாலைகளில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வருகிறவர் மீனாட்சியம்மை. தோட்டத் தொழிலாளருக்காக முதன்முதலில் சங்கம் கட்டிய கோ. நடேசய்யரின் மனைவி என்றுதான் எல்லாப் புத்தகமும் அவரை அறிமுகப்படுத்தும். இங்கேயும் பெண்ணை ஆணின் பெயருக்குப் பின்னால்தான் தேட வேண்டியிருக்கிறது. "தேசபக்தன்" பத்திரிகையை நடத்துவதில் தோள்கொடுத்தவர் அவர். கூட்டங்களில் கணவர் பேசுவதற்கு முன்னால் எழுந்து நின்று அரசியலைப் பாட்டாகப் பாடினார். சனத்துக்கு ஏற்கெனவே தெரிந்த மெட்டுக்களை எடுத்து, அதற்குள் அன்றைய செய்தியை, சட்டத்தை, கூலியைத் திணித்துப் பாடினார். 1939ல் அரசாங்கம் இந்தியத் தினக்கூலிகளை வேலையிலிருந்து நீக்கியபோது அதை எதிர்த்து எழுதிய பாட்டுக்களை 1940ல் "இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை" என்று புத்தகமாகவே போட்டார். எழுதப் படிக்கத் தெரியாத சனத்துக்குப் பத்திரிகையாக அந்தப் பாட்டு போனது. தெரிந்த மெட்டை எடுத்து அதற்குள் தன் சொல்லை ஏற்றுவதைத்தானே மாயாவும் செய்தார்? எழுபது வருஷ இடைவெளியில் இரண்டு பெண்கள் ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தமிழில் ராப் சொன்ன பெண்கள் இப்போது வேறு சிலரும் இருக்கிறார்கள். "எந்திரன்" படத்தில் 2010ல் "இரும்பிலே ஓர் இருதயம்" பாட்டில் குரல் கொடுத்த லேடி காஷ் சிங்கப்பூர்க்காரர். சென்னை சோபியா அஷ்ரஃப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடுகிறவர், ஆனால் அவர் பாட்டு நமக்கு மிகக் கிட்ட. கொடைக்கானலில் யூனிலீவரின் வெப்பமானித் தொழிற்சாலை பாதரசக் கழிவைக் காட்டில் போட்டுத் தொழிலாளரை நோயாளியாக்கியது என்று 2015ல் ஒரு ராப் செய்தார். லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். அடுத்த வருஷம் மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளரோடு கம்பெனி ஒப்பந்தத்துக்கு வந்தது. அந்தத் தொழிலாளர்கள் பதினைந்து வருஷம் போராடியதன் பலன் அது, பாட்டு அவர்களுக்குக் கடைசி நேரத்தில் கைகொடுத்தது. அப்போது லிப்டன் தேயிலையும் அதே யூனிலீவரின் கையில்தான் இருந்தது. ஹப்புத்தளை தம்பேத்தன்னையில் லிப்டன் துரை உட்கார்ந்து பார்த்த இடம் என்று சுற்றுலாக்காரர்கள் ஏறிப் படம் பிடிக்கிற மலை நமக்கு எத்தனை கிட்ட!

இப்போது நம் பிள்ளைகள். ஹாலிஎலவிலும் லுணுகலையிலும் மடூல்சீமையிலும் போனில் தாளம் போட்டு வரி எழுதுகிற பெண்பிள்ளைகளை எனக்கே தெரியும். எழுதுகிறார்கள், ஆனால் மேடை கிடைப்பதில்லை. பையன்கள் சந்தியில் நின்று பாடுவார்கள், இவர்களுக்கு அது இல்லை. ஒரு பிள்ளை தன் அம்மாவின் கை கொழுந்துச் சாற்றில் கறுத்துப்போனதை வைத்து ஒரு பாட்டு எழுதி எனக்குச் சொல்லிக்காட்டினாள். மட்டக்கம்பு, நிரை, கங்காணி, அரைப்பேர் எல்லாம் வந்து விழுந்தன. எங்கேயும் தேடி எடுத்த சொல் ஒன்றுகூட இல்லை. பாடசாலையில் பாடலாமே என்றேன். தமிழ் தினத்தில் ராப் எடுக்கமாட்டார்கள் மிஸ் என்றாள்.

வலய அளவில் தமிழ் தினப் போட்டி நடத்துகிற ஆசிரியர்களே, இதை வாசிக்கிறவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். பாவோதலும் வில்லிசையும் அப்படியே இருக்கட்டும். போட்டியில் சேர்க்க முடியாவிட்டால் முடிவு அறிவிக்கும் இடைவெளியில் ஐந்து நிமிஷம் கொடுங்கள். அந்தப் பிள்ளையை நான் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவளுடைய அம்மாவுக்கும் முன்வரிசையில் ஒரு நாற்காலி வேண்டும்.